குழந்தை பயமின்றித் தனியே தூங்க...

பகல் முழுக்கப் புலியாகப் பாய்ந்துகொண்டிருக்கும் குழந்தை, ராத்திரி விளக்கை அணைத்ததும் பூனைக்குட்டியாகி அம்மாவின் முந்தானைக்குள் சுருண்டு கொள்கிறது. "பயமா இருக்கும்மா, போகாதே" என்கிறது. தண்ணீர் கேட்கிறது. ஒன்றுக்கு வருகிறது என்கிறது. வயிறு வலிக்கிறது என்கிறது. சமையலறையில் பாத்திரம் அப்படியே கிடக்கிறது, மாவு கரைத்து வைத்தாகவில்லை, நாளைக்குப் பள்ளிக்கூடம் வேறு. அம்மாவுக்கு எரிச்சல் வருவதில் வியப்பென்ன?

மூன்று குழந்தைகளை வளர்த்தவள் என்பதால், கல்யாண வீடானாலும் வளைகாப்பானாலும் என்னைப் பிடித்துக்கொண்டு இளம் தாய்மார்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். "எப்படிக்கா தனியாப் படுக்க வெச்சீங்க?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. தனியே தூங்குவது என்றால் தனி அறை, தனிக் கட்டில் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒற்றை அறை வீட்டிலும் இது முடியும். அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்ளாமல், புடவையைப் பிடித்துக்கொள்ளாமல், தன் பாயில் தானே கண்ணயரத் தெரிந்துவிட்டால் அந்தக் குழந்தை தனியே தூங்கக் கற்றுக்கொண்டுவிட்டது என்றுதான் அர்த்தம். அறை பிறகு வரட்டும், வராமலே போகட்டும்.

பயம் எங்கிருந்து வருகிறது?

கைக்குழந்தைக்கு இருட்டு பயம் கிடையாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் அம்மா இருக்கிறாளா, இல்லையா என்பதுதான். இரண்டு மூன்று வயது ஆனதும் கதை நடக்கிறது. குழந்தைக்குக் கற்பனை முளைக்கிறது. சொப்பு வைத்துச் சமைக்கிறது, பொம்மைக்கு ஊசி போடுகிறது, தலையணையை யானை என்கிறது. பகலில் தலையணையை யானையாக்குகிற அதே மூளைதான் ராத்திரியில் கொடியில் தொங்குகிற துணியைப் பூதமாக்குகிறது. ஒன்றைப் பார்த்துப் பூரித்துப் போகிற நாம், மற்றதைப் பார்த்து "என்ன இது பயந்தாங்கொள்ளி!" என்று திட்டுவது நியாயமா?

மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை இந்தப் பயம் மிகவும் சகஜம். நிஜம் எது, நினைப்பு எது என்று பிரித்துப் பார்க்கும் அறிவு அப்போதுதான் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஏழெட்டு வயதில் பயத்தின் முகம் மாறும். பேய் போய்த் திருடன் வருவான், தீ விபத்து வரும், அம்மா செத்துப் போய்விட்டால் என்ன செய்வது என்ற கவலை வரும். இதுவும் வளர்ச்சியின் ஒரு படிதான்.

இயற்கையாக வருகிற இந்தப் பயம் போதாதென்று நாம் வேறு எண்ணெய் ஊற்றுகிறோம். "சாப்பிடாட்டி பூச்சாண்டி பிடிச்சிட்டுப் போவான்", "தூங்கலேன்னா சாக்குக்காரன் வருவான்" என்று மத்தியானம் சொல்லிவிட்டு, ராத்திரி "அதெல்லாம் ஒண்ணும் கிடையாது, தூங்கு" என்றால் குழந்தை எதை நம்பும்? பூச்சாண்டியை வரவழைத்தது நாம்தானே! தனியே தூங்கப் பழக்குவதற்கு முதல் வேலை, வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து பூச்சாண்டிக்கு விடை கொடுத்து அனுப்புவதுதான். பாட்டி, தாத்தா, வேலைக்கு வருகிறவர் உட்பட.

எப்போது ஆரம்பிக்கலாம்?

இந்த வயதில்தான் தனியே படுக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. பச்சைக் குழந்தையை முதல் ஆறு மாதமாவது தாயின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் விடுவது நல்லது என்பது குழந்தை மருத்துவர்களின் ஆலோசனை. ஒரு வயதுக்குள் குழந்தையின் பக்கத்தில் தலையணை, பொம்மை, துணிக் குவியல் எதுவும் வேண்டாம். மூச்சு முட்டும் அபாயம் உண்டு.

அதற்குப் பிறகு, மூன்றரை நான்கு வயதில் தனிப் பாயோ தனிக் கட்டிலோ கொடுத்துப் பழக்கலாம். ஆனால் வீட்டில் வேறு பெரிய மாறுதல் நடக்கும் சமயத்தில் இதையும் சேர்த்து ஆரம்பிக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த வாரம், வீடு மாறின வாரம், பாட்டி ஊருக்குப் போன வாரம் இதெல்லாம் உதவாது. அடுத்த குழந்தை வரப் போகிறது என்றால் பிரசவத்துக்கு மூன்று நான்கு மாதம் முன்பே தொடங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால், "பாப்பா வந்ததும் அம்மா என்னைத் துரத்திட்டா" என்று மூத்தது நினைத்துக்கொள்ளும். அந்த எண்ணம் ராத்திரியோடு போகாது.

பரணில் ஏறியவர்

2022-ல் என் தங்கை திருச்சியில் இரண்டு படுக்கையறை உள்ள வாடகை வீட்டுக்குக் குடி போனாள். அப்போது அவளுக்கு இரண்டாவது மாசம் ஐந்து. மூத்த பெண்ணுக்கு நாலரை வயது. பிறந்ததிலிருந்து அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவே படுத்தவள். புது வீட்டில் அவளுக்கென்று ஓர் அறை, ரோஸ் நிற மெத்தை விரிப்பு, சுவரில் வண்ணத்துப்பூச்சிப் படம் என்று எல்லாம் அமர்க்களமாகச் செய்தார்கள்.

முதல் ராத்திரியே ஒரே அழுகை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த அவள் அப்பா, மூன்றாம் நாள் அறையை வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டார். "அழுது அழுது பழகிடும்" என்று அவர் எண்ணம். குழந்தை கதவோரம் தரையிலேயே தூங்கிப் போயிருக்கிறாள். அடுத்த வாரத்திலிருந்து, மூன்று வயதிலேயே நின்றுபோயிருந்த படுக்கை நனைப்பது திரும்ப ஆரம்பித்துவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வாள். ஒரு தோசையை ஊசி முனை அளவாகப் பிய்த்துப் பிய்த்துத் தின்பாள். பசியில்லையோ, வயிற்றில் பூச்சியோ என்று தங்கைக்குக் கவலை. விஷயம் அதுவல்ல. சாப்பாடு முடிந்தால் படுக்கை என்று அந்தச் சின்னத் தலை கணக்குப் போட்டுவிட்டது. சாப்பாடு முடியாமலே இருந்தால்?

வயிற்றில் ஒரு பிள்ளை, தோளில் ஒரு பிள்ளை என்று தங்கை இளைத்துப் போய்விட்டாள். போனில் அழுதாள். நான் பத்து நாள் போய் இருந்தேன்.

மாப்பிள்ளை நல்லவர்தான். "நாங்கள்லாம் இப்படியா வளர்ந்தோம்? எல்லாம் பழகிடும்கா" என்றார்.

"நீங்க பாட்டி, சித்தப்பா, நாலு பிள்ளைங்களோட கூடத்துல வரிசையாப் படுத்து வளர்ந்தீங்க, மாப்பிள்ளை. இருட்டுல கையை நீட்டினா யாராவது ஒருத்தர் தட்டுப்படுவாங்க. அவளுக்குக் கையை நீட்டினா சுவர்தானே தட்டுப்படுது" என்றேன். அவர் யோசித்தார். அன்றிலிருந்து தாழ்ப்பாள் போடவில்லை.

ராத்திரியில் பயத்தைப் பற்றிக் கேட்டால் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. பயம் வாயை அடைத்துவிடும். மறுநாள் காலையில் தலை பின்னிக்கொண்டே மெதுவாகக் கேட்டேன். "அந்த ரூம்ல உனக்கு எந்த இடம் பிடிக்கலை?"

சட்டென்று சொன்னாள். "பரண்."

"பரண்ல என்ன?"

"அந்த மாமா இருக்கார், பெரியம்மா."

விசாரித்தால், குடி வந்த அன்று ஒயரிங் வேலைக்கு வந்த எலெக்ட்ரீஷியன் ஏணி போட்டு அந்தப் பரணில் ஏறியிருக்கிறார். குழந்தை கீழே நின்று வேடிக்கை பார்த்திருக்கிறாள். அதற்குள் யாரோ கூப்பிட்டுச் சாப்பிட அழைத்துப் போய்விட்டார்கள். அவர் ஏறினதைப் பார்த்தவள் இறங்கினதைப் பார்க்கவே இல்லை! "அவர் இன்னும் சாப்பிடவே இல்ல. ராத்திரி பசிச்சா இறங்கி வருவார்" என்றாள்.

பாருங்களேன், அவளுடைய கணக்கில் எங்கேயாவது தப்பு இருக்கிறதா? மூன்று வாரமாக அவள் தலைக்கு மேலே ஒரு மனிதர் பட்டினி கிடந்துகொண்டிருந்தார். "பேயாவது பிசாசாவது!" என்று நாங்கள் ஆயிரம் முறை சொல்லியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. ஏனென்றால் அவள் பேய்க்குப் பயப்படவே இல்லை.

அன்று சாயங்காலமே ஏணியைக் கொண்டுவந்து போட்டோம். அவள் அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார். டார்ச்சை அவள் கையிலேயே கொடுத்து, மூலை மூலையாக அவளையே அடித்துப் பார்க்கச் சொன்னார். மூன்று அட்டைப் பெட்டி, ஒரு பழைய மிக்ஸி, கொலுப் படிப் பலகைகள். பிறகு அவளுடைய சின்ன வயசுப் பொம்மை மூட்டை ஒன்றை அவள் கையாலேயே அங்கே வைக்கச் சொன்னோம். பரண் அவளுடையதாகிவிட்டது. வேறொரு நாள் ஃபேனைப் பார்க்க அதே எலெக்ட்ரீஷியன் வந்தபோது, அவர் ஏணியிலிருந்து இறங்கி வாசல் தாண்டிப் போகிறவரை கூடவே நிற்கவைத்துக் காட்டினோம்.

அதனால்தான் சொல்கிறேன். பயத்தை விரட்டுவதற்கு முன்னால் அது என்ன பயம் என்று கேளுங்கள். பகலில் கேளுங்கள். ஏதாவது கைவேலை செய்துகொண்டே கேளுங்கள். வரையத் தெரிந்த குழந்தையானால் வரையச் சொல்லுங்கள். அறையில் குழந்தையின் தலையணையில் நீங்களே ஒரு தடவை விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துப் பாருங்கள். கதவுக்குப் பின்னால் தொங்கும் மழைக்கோட்டு, தெரு விளக்கில் ஆடும் முருங்கைக் கிளையின் நிழல், மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் எல்லாம் அப்போதுதான் தெரியும்.

படிப்படியாக

1924-ல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற மனோதத்துவப் பெண்மணி, முயலைக் கண்டு நடுங்கிய சுமார் மூன்று வயதுச் சிறுவன் ஒருவனின் பயத்தைப் போக்கியதைப் பற்றி எழுதினார். அவனுக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்தபடியே கூண்டு முயலை முதலில் தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டுவந்தார். கடைசியில் அவனே முயலைத் தடவிக் கொடுத்தான். இன்றும் குழந்தைகளின் பயத்துக்குச் செய்யும் சிகிச்சையின் அடிப்படை இதுதான். சந்தோஷமான நேரத்தில், சின்ன அளவில், மெதுவாக.

இருட்டோடும் இப்படித்தான் சிநேகம் பிடிக்க வேண்டும். முதலில் பகல் விளையாட்டு. ஜன்னலைச் சாத்திவிட்டு டார்ச் வெளிச்சத்தில் கை விரல்களால் மான், நாய், பறவை என்று சுவரில் நிழல் காட்டுங்கள். பயமுறுத்துகிற நிழலைத் தானே உண்டாக்கத் தெரிந்த குழந்தைக்கு நிழலிடம் பாதிப் பயம் போய்விடும். அரை இருட்டில் கண்ணாமூச்சி ஆடுங்கள். ஒளித்துவைத்த பொம்மையை இருட்டறையில் போய் எடுத்துவரச் சொல்லுங்கள். முதல் நாள் கூடவே போங்கள், அடுத்த நாள் வாசற்படி வரை, பிறகு கூடத்திலிருந்து குரல் மட்டும்.

ராத்திரிக்கு நானும் தங்கையும் வைத்துக்கொண்ட ஒழுங்கு இது.

முதல் மூன்று ராத்திரி, அம்மா அவள் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்திருந்தாள். படுக்கவில்லை. அடுத்த மூன்று ராத்திரி, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள், தொடவில்லை. அதற்கடுத்த மூன்று ராத்திரி, ஸ்டூல் வாசற்படி அருகே போயிற்று. பத்தாவது ராத்திரியிலிருந்து வெளியே கூடத்தில் உட்கார்ந்து மறுநாளைக்குப் பீன்ஸ் நறுக்கினாள். கதவு பாதி திறந்திருந்தது. அம்மாவைப் பார்க்க முடியாது. ஆனால் கத்தி பலகையில் படும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். "பத்து நிமிஷத்துல வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் சரியாகப் பத்து நிமிஷத்தில் போய் எட்டிப் பார்த்தாள். பதின்மூன்றாவது ராத்திரி எட்டிப் பார்த்தபோது பெண் தூங்கியிருந்தாள்.

இதில் முக்கியமான விஷயம் வாக்குத் தவறாமை. பத்து நிமிஷம் என்றால் பத்து நிமிஷம். பால்காரர் கணக்கு, போன் என்று மறந்துவிட்டால் குழந்தை மறுநாளிலிருந்து எழுந்துவந்து பார்க்க ஆரம்பித்துவிடும். தூங்குகிறவரை பக்கத்தில் படுத்திருந்துவிட்டுத் திருட்டுத்தனமாக நழுவுவதும் கூடாது. நடு ராத்திரி விழித்துப் பார்த்தால் அம்மா மாயமாகியிருப்பாள். பிறகு கண்ணை மூடவே பயப்படும். போகிறபோது சொல்லிவிட்டே போங்கள்.

நடு இரவில் எழுந்து வந்தால் கோபிக்காமல், கதை பேசாமல், கையைப் பிடித்து அழைத்துப் போய் அதன் படுக்கையிலேயே விட்டு, ஒரே வாக்கியம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். "நான் பக்கத்துலதான் இருக்கேன், தூங்கு." ஒரு ராத்திரியில் நாலு தடவை வந்தாலும் நாலு தடவையும் அதே வாக்கியம். ஒரு நாள் அடி, ஒரு நாள் கொஞ்சல், ஒரு நாள் "சரி, இங்கேயே படு" என்று மாற்றி மாற்றிச் செய்தால் ஆறு மாதம் ஆனாலும் பழகாது.

பரிசாகக் காசும் சாக்லெட்டும் வேண்டாம். நாங்கள் ஒரு காகிதத்தைச் சுவரில் ஒட்டி, தன் படுக்கையிலேயே விடியும் வரை தூங்கின ஒவ்வொரு இரவுக்கும் காலையில் ஒரு கோலப் புள்ளி வைக்கச் சொன்னோம். மூன்றுக்கு மூன்று, ஒன்பது புள்ளி நிறைந்ததும் அவளே கம்பி இழுத்துக் கோலமாக்கினாள். அன்றைக்கு என்ன டிபன் என்று முடிவு செய்கிற உரிமை அவளுக்கு. (குழிப்பணியாரம்!) தவறின இரவுக்குப் புள்ளி இல்லை, அவ்வளவுதான். வைத்த புள்ளியை ஒருபோதும் அழிக்கவில்லை.

சாயங்காலமே தொடங்குகிறது

மூன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஆறு வயதுக்கு மேல் 9 முதல் 12 மணி நேரம். தூக்கம் குறைந்த குழந்தைக்குத்தான் ராத்திரியில் அலறலும் அதிகம், பகலில் அடமும் அதிகம். இதற்குச் சில யோசனைகள்:

* பகல் தூக்கம் மூன்று மூன்றரை மணிக்குள் முடியட்டும். ஐந்து மணி வரை தூங்கின குழந்தையை எட்டரைக்குப் படுக்கச் சொன்னால் அது கூரையைப் பார்த்துப் பூதத்தைத்தான் தேடும்.

* டி.வி.யும் செல்போனும் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அணைந்துவிட வேண்டும். அந்த வெளிச்சம் தூக்கம் வருவதைத் தள்ளிப் போடும். பெரியவர்கள் பார்க்கும் கொலை, பேய்த் தொடர்கள் ஓடும்போது குழந்தை பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தால் "அது எங்கே கவனிக்குது" என்று நினைக்காதீர்கள். காது அங்கேதான் இருக்கும்.

* சாயங்காலத்துக்கு மேல் டீ, காபி, கோலா வேண்டாம்.

* தினமும் ஒரே வரிசை. சாப்பாடு, வெதுவெதுப்பான தண்ணீரில் கை கால் கழுவல், பல் துலக்கல், ஒன்றுக்குப் போதல், ஒரு கதை, விளக்கு. அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் முடியட்டும். அடுத்து என்ன என்று தெரிந்த குழந்தைக்குப் பதற்றம் குறைவு.

* கதை ஒன்றுதான். ராட்சசன் வேண்டாம். மாமா வீட்டு ஆட்டுக்குட்டி கதை போதும்.

* விடிவிளக்கு தாராளமாக எரியட்டும். மங்கலான மஞ்சள் வெளிச்சம் தூக்கத்தைக் கெடுக்காது. முகத்துக்கு நேரே இல்லாமல் கால் பக்கம், நிழல் விழாத இடமாகப் பாருங்கள். குழந்தைக்கு எட்டும் தூரத்தில் சின்ன டார்ச் ஒன்றும் இருக்கலாம்.

* அம்மாவின் பழைய நூல் புடவையை மடித்துப் போர்த்தக் கொடுங்கள். அந்த வாசனையே பாதி அம்மா. எந்நேரமும் ஒரு துணியையோ பொம்மையையோ பிடித்துக்கொண்டிருக்கும் குழந்தையைக் கேலி செய்ய வேண்டாம். அம்மாவை விட்டுப் பிரியக் கற்றுக்கொள்ளும் குழந்தைக்கு அது பாலம் போன்றது என்று டொனால்ட் வினிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 1953-லேயே விளக்கியிருக்கிறார்.

விபூதி பூசலாமா?

நிறையப் பேர் கேட்கிறார்கள். தாராளமாகப் பூசுங்கள். பெரியவர்கள் நெற்றியில் கை வைத்து வேண்டிக்கொள்வது குழந்தைக்குப் பெரிய தெம்பு. ஆனால் சொல்லும் வார்த்தையில் கவனம் வேண்டும். "இதைப் பூசிட்டா பேய் வராது" என்றால், பூச மறந்த அன்று பேய் வரும் என்றாகிவிடும். "சாமி உன்கூடவே இருக்கார்" என்று சொல்லுங்கள். இதேபோல் கட்டிலுக்கு அடியில் குச்சியை விட்டுத் தட்டி, "ஓடு, ஓடு!" என்று விரட்டி நடிப்பதும் எனக்குச் சம்மதமில்லை. விரட்டினால், அங்கே ஏதோ இருந்தது என்றுதானே ஆகிறது? வெளிச்சம் போட்டுக் காட்டுங்கள், அது போதும்.

அலறி எழுந்தால்

இதில் இரண்டு வகை உண்டு. பொதுவாகப் பின்னிரவில் கெட்ட கனவு கண்டு எழுகிற குழந்தைக்கு நினைவு இருக்கும், அம்மாவைத் தெரியும், கனவைச் சொல்லும். அணைத்துக்கொண்டு தைரியம் சொன்னால் அடங்கும்.

இன்னொன்று, தூங்கின இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வருவது. குழந்தை திடீரென்று எழுந்து உட்கார்ந்து வீறிடும். கண் திறந்திருக்கும், ஆனால் அம்மாவையே அடையாளம் தெரியாது. வியர்த்துக் கொட்டும், தொட்டால் தள்ளும். ஊரில் காற்று, கருப்பு என்று சொல்லி மந்திரிக்கக் கூட்டிப் போவது இதைப் பார்த்துத்தான். இது ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பாதி மட்டும் விழிப்பதால் வருவது. குழந்தையை உலுக்கி எழுப்பாதீர்கள், முகத்தில் தண்ணீர் தெளிக்காதீர்கள். விழுந்து அடிபடாமல் பார்த்துக்கொண்டு அருகில் இருங்கள். சில நிமிஷங்களில் தானே படுத்துவிடும், காலையில் எதுவும் ஞாபகம் இருக்காது. நீங்களும் ஞாபகப்படுத்த வேண்டாம். காய்ச்சலிலும், தூக்கம் போதாத நாட்களிலும் இது அதிகம் வரும். பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர நின்றுவிடும்.

டாக்டரிடம் எப்போது?

எல்லாவற்றையும் பயம் என்று தள்ளிவிடவும் கூடாது. குறட்டை விட்டு, வாயைத் திறந்து மூச்சு விட்டுத் தூங்கும் குழந்தைக்குத் தொண்டைச் சதையோ மூக்கின் பின்புறச் சதையோ வளர்ந்திருக்கலாம். ராத்திரியில் ஆசனவாயைச் சொறிந்துகொண்டு விழித்தால் கீரிப்பூச்சி காரணமாக இருக்கலாம். ஐந்து வயது வரை படுக்கையை நனைப்பது நோயல்ல. ஆனால் நின்றுபோனது திரும்ப ஆரம்பித்தாலோ, எரிச்சல், அதிக தாகம் இருந்தாலோ காட்ட வேண்டும். (தங்கை மகளுக்கும் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்து, ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் நாங்கள் நிம்மதியானோம்.) அடிக்கடி அலறினாலோ, அலறும்போது கை கால் வெட்டி இழுத்தாலோ, மாதக் கணக்கில் பயம் நீடித்துப் பகல் விளையாட்டையும் பள்ளியையும் கெடுத்தாலோ தாமதிக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், சகோதரிகளே. நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று படுக்கைக்கே நடுங்குகிறது, உடை மாற்ற விடவில்லை, குறிப்பிட்ட ஓர் ஆளைக் கண்டால் ஒளிகிறது என்றால், அதை இருட்டு பயம் என்று நினைத்து விளையாட்டாக விட்டுவிடாதீர்கள். மடியில் வைத்துப் பொறுமையாகக் கேளுங்கள். அது யாரைச் சொன்னாலும், உறவுக்காரராகவே இருந்தாலும், "சும்மா சொல்லாதே" என்று அடக்காதீர்கள். நம்புங்கள். நமது நாட்டில் எங்கிருந்தும் 1098 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசி உதவி கேட்கலாம்.

அம்மாவின் மனசு

"தனியே படுக்க வைத்தால் பாசம் குறைந்துவிடாதா?" என்று மாமியார் கேட்பார், நம் மனசும் கேட்கும். குறையாது. பகலில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், சோறு ஊட்டுங்கள், சாய்ந்தரம் கால் மணி நேரம் வேறு வேலையில்லாமல் அதனோடு மட்டும் இருங்கள். பகலில் வயிறு நிறைய அம்மா கிடைத்த குழந்தை ராத்திரியில் கொஞ்சம் விட்டுக் கொடுக்கும். அப்பாக்களும் வாரத்தில் மூன்று நாளாவது கதை சொல்லும் வேலையை ஏற்றுக்கொள்ளட்டும். அம்மாவிடம் மட்டும் தூங்கிப் பழகின குழந்தைதான், அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத அன்று வீட்டையே இரண்டாக்குகிறது.

பழகின பிறகும் சறுக்கல் வரும். தங்கைக்கு நவம்பரில் பையன் பிறந்தான். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் மூத்தவள் மறுபடியும் ராத்திரி எழுந்து வந்தாள். யாரும் திட்டவில்லை. அவள் அப்பாவே ஸ்டூலை எடுத்துப் போட்டு வாசற்படி அருகே நாலு நாள் உட்கார்ந்தார். ஐந்தாம் நாள் தேவைப்படவில்லை. காய்ச்சல், ஊர்ப் பயணம், வீட்டில் ஒரு சாவு என்று எது வந்தாலும் இரண்டு படி பின்னால் போய் மறுபடி ஏற வேண்டியதுதான். ஏறத் தெரிந்த படி என்பதால் இரண்டாம் முறை சீக்கிரம் ஏறிவிடும்.

எல்லாக் குழந்தைக்கும் பதின்மூன்று நாள் கணக்கு பொருந்தாது. சிலதுக்கு ஒரு வாரம் போதும், சிலதுக்கு இரண்டு மாதம் ஆகும். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட வேண்டாம். இன்றைக்கே ஆரம்பிக்கவும் வேண்டாம். இன்று ராத்திரி, குழந்தையின் தலையணையில் ஐந்து நிமிஷம் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்து, அதன் கண்ணால் அந்த அறையைப் பார்த்துவிட்டு வாருங்கள். நாளைக் காலையில் தலை பின்னும்போது என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.